கண்ணோடு நகரும் வளைவு

பதினோராவது தாளிலும் கோடு அதே இடத்தில்தான் வளைந்திருக்கிறது. முதல் ரெண்டு பேர் கிராஃபைத் தொடவே இல்லை. மூன்றாவது தாளில் முதலில் பார்த்தபோது, பாவம், ஸ்கேல் நழுவியிருக்கும் என்று ஒரே ஒரு மதிப்பெண் குறைத்தேன். நான்காவதிலும் அப்படியே. ஐந்து, ஆறு, ஏழு. நிமிடத்துக்கு இருபது லிட்டர் கொட்டும் குழாய், எத்தனை நிமிடத்தில் எவ்வளவு நிரம்பும், வரைபடம் வரைக, எட்டு மதிப்பெண். ஆதிப்புள்ளியில் கிளம்பி மேலே ஏறிப்போகும் ஒரு நேர்கோடு, அவ்வளவுதான், பத்தாம் வகுப்பில் இதைவிட லேசான கணக்கு கிடையாது, எதை விட்டாலும் கிராஃபை விட்டுறாதீங்கடா என்று முப்பது வருஷமாக நானே தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பது. ஆனால் இந்தக் கட்டில் வரைந்த எல்லாப் பிள்ளைக்கும் மூன்றாவது நிமிடம் அறுபது லிட்டர் என்ற புள்ளிக்குப் பக்கத்தில் கோடு லேசாக வயிறு தள்ளி நிற்கிறது, யாரோ பெருவிரலால் அழுத்திவிட்ட மாதிரி. ஒரு பிள்ளைக்கு நழுவும். ரெண்டு பிள்ளைக்கு நழுவும். ஒன்பது பிள்ளைக்கும் ஒரே இடத்தில் நழுவுமா. மேலே மின்விசிறி கிரீச் கிரீச்சென்று சுற்றுகிறது, காற்று வரவில்லை, சத்தம்தான் வருகிறது. கோவில்பட்டி வெயில் பத்தரை மணிக்கே ஜன்னல் கம்பியைச் சுட வைத்துவிட்டது. விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கி இது நான்காவது நாள், காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள், எங்கள் மேசையில் எட்டுப் பேர், எல்லாரும் கணக்கு வாத்தியார்கள், எல்லார் கையிலும் சிவப்புப் பேனா, ஒருவரும் பேசவில்லை, தாள் புரளும் சத்தம் மட்டும் ஆடு தழை கடிக்கிற மாதிரி.

பக்கத்தில் ஷமீம் பானு. எட்டயபுரம் பக்கத்துப் பள்ளிக்கூடம், என்னைவிடப் பத்து வயது இளையவள், நாலு நாளாக என் பக்கத்திலேயே உட்காருகிறாள். "ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இந்தக் கட்டுல பூரா ஒண்ணப் பாத்து ஒண்ணு எழுதியிருக்கு ஷமீம். தப்பு கூட ஒரே மாதிரி." அவள் கழுத்தை நீட்டிப் பார்க்க வந்தாள், நான் தாளை மூடிவிட்டேன், ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்று விதி, விதி என்றால் எனக்கு விதிதான். எழுந்து நின்று, மூலையில் இருந்த ஞானதுரை சாரைக் கூப்பிட்டேன். அவர்தான் எங்கள் மேசைக்கு முதன்மைத் தேர்வாளர், நாங்கள் திருத்தியதை மறுபடி பார்ப்பவர், நாசரேத்காரர், சட்டைக் காலரை இந்த வெயிலிலும் பட்டன் போட்டு மூடுபவர். "சார், இந்தக் கட்டுல ஒரு சந்தேகம். காப்பி நடந்திருக்கும்னு தோணுது." அந்த ஒரு வார்த்தையில் மேசை முழுக்கப் பேனா நின்றது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முகமே அவ்வளவாகத் தெரியவில்லை. "தோணுதா, நிச்சயமா டீச்சர்?" என்றார். "எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நான் மேல அனுப்பணும். அந்த சென்டர் பிள்ளைங்க ரிசல்ட் பூரா நின்னுபோகும். நல்லாப் பாருங்க. இந்தா, இங்க ஒரு கூட்டல் தகராறு, முடிச்சிட்டு அஞ்சு நிமிஷத்துல வாரேன்." சரி சார் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும்தான் காலையில் ஒரே ஒரு இட்லியோடு எழுந்துவிட்டது ஞாபகம் வந்தது. பசியா. இல்லை, பசி என்று ஒன்று எனக்கு வந்து நாலு மாதம் ஆகிறது.

நாலு மாதம். பதினேழு ஞாயிற்றுக்கிழமை. சர்க்கரைக்கு வாரம் ஒரு ஊசி, பேனா மாதிரி இருக்கும், ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கிற தட்டில் படுத்திருக்கும், இவர் காலையில் எழுந்து பல் விளக்குவதற்கு முன்பே அதை எடுத்து வெளியே வைத்துவிடுவார், குளிர் போகட்டும் என்று. தொப்புளுக்கு ரெண்டு விரல் தள்ளி. இவருக்குக் கை பதறாது, கூட்டுறவு சங்கத்தில் முத்திரை குத்திக் குத்திப் பழகிய கை. போட்டு முடித்ததும் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு, "முடிஞ்சுதுடே வடிவு" என்பார், என்னைத்தான், சந்தோஷம் வந்தால் பெண்டாட்டியும் இவருக்கு டேதான். முதல் மாதம் குமட்டல். ரெண்டாம் மாதம் வடை என்பது வெறும் வட்டமான ஒரு பொருள். மூன்றாம் மாதம் ரவிக்கை எல்லாம் தையல்காரனிடம் போய்ப் பிடித்து வந்தது. எடை பதினோரு கிலோ குறைந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி பதினொன்று புள்ளி நாலிலிருந்து ஆறு புள்ளி ஒன்பது. டாக்டர் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என் வாழ்க்கையில் நான் வாங்கிய நல்ல மார்க் எல்லாம் ஒருபக்கம், இது ஒருபக்கம். பள்ளிக்கூடத்தில் ஆயாம்மா கூடக் கேட்டாள், என்ன டீச்சர், ஆளே மாறிட்டீங்க. மாறிவிட்டேன். படியேறினால் இரைக்கவில்லை. பாதம் எரியவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போக வேண்டியதில்லை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது போன மாதம் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிய மூன்றை நானே எட்டு என்று வாசித்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அப்புறம் ரெண்டு வாரம் எல்லாம் பளிச்சென்று இருந்தது, அப்புறம் மறுபடியும் எழுத்தைச் சுற்றி ஒரு ஈரம். கண்ணாடி பழசு, மாற்ற வேண்டும், பரீட்சை முடியட்டும்.

கண்ணாடி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்த ஒன்றைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறது மனதில், அங்கே போட்டு வைத்திருந்தேன். ஊசி ஆரம்பிக்கிற அன்றைக்கு டாக்டர் கேட்டார், "கண்ணு உள்ள பரிசோதனை எப்ப பண்ணினீங்க? இது சர்க்கரையச் சட்டுனு இறக்கும், சிலருக்கு அந்த வேகமே கண்ணுக்கு ஒத்துக்காது, பாத்துட்டு ஆரம்பிப்போம்." நான் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன், "போன மாசம்தான் சார் பாத்தேன், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க." வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொன்னால் அதன் காதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன், காது லேசாகச் சிவக்கும். என் காது சிவந்ததா என்று டாக்டர் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது இவர் கேட்டார், "கண்ணக் காட்டணும்னாரே, என்னைக்குக் காட்டுன?" "ஸ்கூல்ல கேம்ப் போட்டாங்கல்லா, அப்ப." ரெண்டாவது பொய் முதல் பொய்யைவிட லேசாக வந்தது. எதற்குச் சொன்னேன். கண் ஆஸ்பத்திரி என்றால் சங்கரபாண்டி அண்ணன் ஞாபகம்தான் வருகிறது. பச்சைத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், நான் போய் நின்றதும் யாரு என்று கேட்டான். என் கூடப் பிறந்தவன், என் செருப்புச் சத்தம் தெரிந்தவன். அவனுக்கும் மங்கலாகத்தான் ஆரம்பித்தது. மாத்திரைதான் கண்ணைக் கெடுக்குது என்று அவனாகவே முடிவு பண்ணி மாத்திரையை நிறுத்தினான், யாரோ சொன்ன பொடியைத் தின்றான், ஒரு வருஷம் கண்ணு நல்லாத்தான் இருக்கு என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான், நல்லாயிருக்கிற கண்ணோடு ஒரு நாள் சைக்கிளை வாய்க்காலுக்குள் விட்டான். அதற்குள் எல்லாம் தாண்டிப் போயிருந்தது, கண்ணும், கிட்னியும். அவன் செய்த தப்பைச் செய்யக்கூடாது என்றுதான் நான் ஊசியை ஒரு ஞாயிறுகூடத் தவறவிடவில்லை. ஆனால் கண்ணைக் காட்டவில்லை. ஒன்றைச் சரியாகச் செய்தால் இன்னொன்றைச் செய்யாமல் இருக்கலாம் என்று யார் சொன்னது. எனக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம், ஆளைத் தெரியும், எழுத்து தெரியாது, வலது கண்ணை வைத்துத்தான் இத்தனை வருஷமும் படித்தது, படிப்பித்தது. ஒரே ஒரு கண். அதை ஒருவர் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து, அம்மா, என்று ஆரம்பிப்பார். அந்த அம்மாவுக்கு அடுத்து என்ன வரும் என்று கேட்கத் தைரியம் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

அஞ்சு நிமிஷம் இன்னும் ஆகவில்லை. ஞானதுரை சார் அங்கே யாரிடமோ விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். நல்லாப் பாருங்க என்றார், பார்க்கிறேன். இந்தத் தாள் ஒரு பெண்பிள்ளையுடையதாக இருக்கும், பெயர் மறைத்திருந்தாலும் எழுத்து சொல்லும், தலைப்புக்கு அடியில் ரெண்டு கோடு, அளவுத்திட்டத்தைக் கட்டம் கட்டி எழுதியிருக்கிறாள். இவளா பார்த்து எழுதினாள். பின்னால் யாராவது இவளைப் பார்த்திருக்கலாம். ரிசல்ட் நின்றுபோனால் இவளுடையதும் நிற்கும். அவள் அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பாள். நான் எழுதிக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். வளைவு எங்கே ஆரம்பிக்கிறது என்று கட்டத்தை எண்ணலாம் என்று பேனாவைத் தலைகீழாகப் பிடித்து அறுபதிலிருந்து மேலே நகர்த்தினேன். எண்பது. கோடு எண்பதில் வளைந்திருந்தது. அறுபதில் நேராக இருந்தது. என்ன இது. நூறு. நூற்றில் வளைந்திருந்தது, எண்பது நேராகிவிட்டது. கண்ணை மெதுவாகக் கோட்டோடு மேலே கொண்டுபோனேன், வளைவும் கூடவே மேலே வந்தது, கீழே கொண்டுவந்தேன், கீழே வந்தது, நாய்க்குட்டி மாதிரி, எங்கே பார்க்கிறேனோ அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. திருத்தும்போது அந்தக் கணக்குக்கு நான் எப்போதும் முதலில் பார்ப்பது அறுபதைத்தான், மூன்று நிமிடம் அறுபது லிட்டர், அது சரியாக இருந்தால் மற்றது சரி. அதனால்தான் எல்லாத் தாளிலும் அங்கே. கோடு மட்டும் இல்லை. இப்போது பார்க்கிறேன், வரைபடத்தாளின் பச்சைக் கட்டங்களும் அந்த இடத்தில் உள்ளே குழிந்துதான் இருக்கின்றன, அச்சகத்தில் அடித்த கட்டங்கள், எந்தப் பிள்ளை அதைப் பார்த்து எழுதும். மேசை விளிம்பைப் பார்த்தேன். வளைந்தது. ஜன்னல் கம்பியைப் பார்த்தேன். நேரான கம்பி, நடுவில் ஒரு இடுப்பு. வலது கண்ணைக் கையால் மூடினேன். இடது கண்ணுக்கு எல்லாம் புகை, எண் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அந்தப் புகைக்குள் கோடு ஒரே கோடாக, அடியிலிருந்து நுனிவரை நேராக ஏறிப்போயிற்று. அம்பத்தி நாலு வருஷமாக எதற்கும் உதவாத கண். அது சொன்னது நிஜம்.

பயம் உடனே வரவில்லை. முதலில் வந்தது ஒரு அமைதி, பெரிய கணக்கில் எங்கே தப்பு விட்டோம் என்று தேடித் தேடி அந்த வரியைக் கண்டுபிடித்ததும் வருமே, அது. அப்புறம்தான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது மதிப்பெண், ஒன்பது பிள்ளைகள். நேற்று. நேற்றும் திருத்தினேனே, முப்பது தாள், கோடு வளையாவிட்டாலும் எழுத்தைச் சுற்றி அந்த ஈரம் இருந்ததே. முந்தாநாள் முப்பது. அதற்கு முந்தின நாள் முப்பது. மைனஸ் குறி எவ்வளவு சிறியது. ஒரு தூசி அளவு. இருக்கிறதா இல்லையா என்று நான் எத்தனை இடத்தில் பார்த்தேன், எத்தனை இடத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லாமலே விட்டுவிடலாமா. ஒன்பது தாளிலும் ஒன்றைக் கூட்டிப் போட்டுவிட்டு, சந்தேகம் தீர்ந்தது சார் என்று சொல்லிவிட்டு, தலைவலி என்று லீவு சொல்லி, ஞாயிற்றுக்கிழமை ஊசியை மறந்துவிட்டதாகச் சொல்லி, அதை நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடாதா. அண்ணன் குரலிலேயே கேட்டது அந்த யோசனை. மருந்துதான் கெடுக்குது, நிறுத்துனா சரியாப்போகும். நிழல் ஒன்று தாளின் மேல் விழுந்தது. ஞானதுரை சார் வந்து நின்றார். "சொல்லுங்க டீச்சர். எழுதணுமா?"

"எழுத வேண்டாம் சார்," என்றேன். எழுந்து நிற்க வேண்டும் என்று தோன்றியது, எழுந்தேன். "கோடு வளையல. என் கண்ணுதான் வளைச்சுக் காட்டுது. இப்பத்தான் கண்டுபிடிச்சேன். பிள்ளைங்க மேல தப்பு இல்ல. ஒம்பது பேருக்கு ஒவ்வொரு மார்க் குறைச்சிருக்கேன் சார். நேத்தைக்குத் திருத்துனதையும், அதுக்கு முன்னால உள்ளதையும் யாராவது பாக்கணும்." சொல்லி முடித்தபோது மேசையில் எல்லாரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. கத்துவார் என்று நினைத்தேன். மெமோ என்பார், இத்தனை வருஷ சர்வீஸில் ஒன்றும் வாங்காதவள், கடைசியில் ஒன்று. அவர் தாளை எடுத்தார், சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்கேலை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தார். "நேராத்தான் இருக்கு," என்றார். அடுத்த தாள். "நேரா இருக்கு." ஒன்பதையும் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார், "சுகரா?" தலையாட்டினேன். "எங்க வீட்டம்மாவுக்கும் உண்டு," என்றார், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. "நீங்க போட்ட மார்க்க நீங்கதான் அடிச்சுத் திருத்தி இனிஷியல் போடணும். ஷமீம் டீச்சர், கொஞ்சம் கூட இருந்து காட்டுங்க. முந்தின மூணு நாள் கட்டையும் நான் எடுக்கச் சொல்லுதேன். பாத்துக்கலாம்." ஷமீம் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவள் விரலை வைத்த இடத்தில் நான் ஏழை அடித்து எட்டு எழுதினேன், கீழே செ.வ., செந்திவடிவு, ஒன்பது தடவை. அவள் விரல் நகம் மருதாணிச் சிவப்பு பாதியும் புதிதாக வளர்ந்தது பாதியுமாக இருந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. "கண் ஆஸ்பத்திரி போக ஆட்டோவுக்குச் சொல்லியாச்சுக்கா," என்றாள். "நானும் வரட்டா?" "நீ என் மூணு நாளையும் பாரு," என்றேன். "அதான் எனக்கு வேணும்."

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். எரிந்தது, அப்புறம் எரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளிச்சமாகிக்கொண்டே வந்தது, சுவர், டியூப்லைட், எதிரே உட்கார்ந்திருந்தவரின் வேட்டி, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்த மாதிரி. பயந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தால் அது ஒரு பெஞ்சு, அவ்வளவுதான், பின்னால் சாய ஒரு சுவர். ஷமீம் போன் பண்ணினாள். பச்சை வட்டத்தைத் தள்ளத் தெரிந்தது. "தொண்ணூறு தாளும் ஆறு பேரு பங்கு போட்டுப் பாத்துட்டோம்க்கா. ரெண்டு தாள்லதான். ஒருத்தனுக்கு ரெண்டு கூடுது, தசமப் புள்ளி வச்சது உங்களுக்குத் தெரியல. இன்னொருத்தனுக்கு ஒண்ணு குறையுது, மைனஸ விட்டுருக்கான், நீங்க முழுசாப் போட்டுட்டீங்க. அவ்வளவுதான்." குறைந்தவனை நினைத்தேன். பரவாயில்லை, அது அவன் விட்ட மைனஸ். உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண், குரலை வைத்துச் சொல்கிறேன். தாடையை வை, நெற்றியை ஒட்டு, மேலே பார், கீழே பார், வெளிச்சம் மூளை வரைக்கும் போகிற மாதிரி. "அம்மா," என்று ஆரம்பித்தாள். நான் காத்திருந்தேன். "வலது கண்ணு விழித்திரையில தண்ணி கோத்திருக்கு. உள்ள ஏற்கெனவே சர்க்கரையால கொஞ்சம் சேதம் இருந்திருக்கு, உங்களுக்குத் தெரியாம. சுகர் வேகமா இறங்கும்போது சிலருக்கு அது கொஞ்ச நாளைக்குக் கூடும். முன்னாடியே பாத்திருந்தா மெதுவா இறக்கியிருப்பாங்க." "பாத்தேன்னு பொய் சொன்னேன்ம்மா," என்றேன். அவள் விளக்கை அணைத்தாள். "இப்ப வந்துட்டீங்கல்ல." "அந்த ஊசிய நிறுத்திரணுமா?" "நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. உங்க டாக்டர்ட்ட நானே பேசுறேன், ஞாயித்துக்கிழமை போடணுமா, அளவக் குறைக்கணுமான்னு அவர் சொல்லுவார். கண்ணுக்கு நாங்க ஒரு ஊசி போடணும், மாசம் ஒண்ணு, மூணு மாசமாவது." கண்ணுக்குள்ளா என்று கேட்டேன், கண்ணுக்குள்ளதான், வலிக்காது, மரத்துப்போக மருந்து விடுவோம் என்றாள். திரும்ப எழுத்து தெரியுமா என்று கேட்டேன். "பெரும்பாலும் தெரியும். நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன்." எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது நர்ஸ் ஒருத்தி வந்து, "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டாள். யாரும் இல்லை, ஆட்டோவில் வந்தேன், ஆட்டோவிலேயே போய்விடுவேன் என்று சொல்ல வாய் வந்தது. முப்பது வருஷமாக எல்லா இடத்துக்கும் தனியாகத்தான் போய் வந்திருக்கிறேன். போனை எடுத்துப் பார்த்தேன், வெறும் வெள்ளை, அதில் எந்தப் பெயரும் இல்லை. "கொஞ்சம் அடிச்சுக் குடும்மா, நான் நம்பர் சொல்லுதேன்," என்றேன். பத்து இலக்கமும் தடுமாறாமல் வந்தது. ரெண்டாவது மணியிலேயே இவர் எடுத்துவிட்டார், சாப்பாட்டு வேளை, நான் கூப்பிடுகிற நேரமில்லை, "என்ன வடிவு?" என்ற குரலில் அப்போதே ஒரு பதற்றம். "கண் ஆஸ்பத்திரில இருக்கேன்," என்றேன். "நான் கண்ணக் காட்டவே இல்லங்க, அன்னைக்குச் சும்மா சொன்னேன். இப்பக் காட்டியாச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல, வெளிச்சமா இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க." கோபமா என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். நாற்காலி தள்ளுகிற சத்தம், சாவிக்கொத்துச் சத்தம், கதவு, யாரிடமோ பூட்டிக்கோங்க என்று சொல்வது. போனை வைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. படியிறங்குகிறார். வண்டி முதல் உதையில் கிளம்பவில்லை. ரெண்டாவது உதை. மூன்றாவதில் கிளம்பிவிட்டது.